பல்லிழை நிரல்களில் வெளியேற்ற அழைப்புகள்: செயற்பாடும் ஆவணமாக்கமும்

ஆய்வுச்சுருக்கம்

நிரலை முடிவுக்குக் கொண்டுவரும் ‘எக்சிட்’ அழைப்பு, ஒற்றை இழையில் இயங்கும் நிரலில் ஒரே பொருளைத் தருவது. பல இழைகள் உடனியங்கும் நிரலில் அதே அழைப்பு, அழைத்த இழையை மட்டும் முடிக்கலாம். செயலாக்கம் முழுவதையும் முடிக்கலாம். முதன்மை இழைக்கு ஒரு விதிவிலக்கை அனுப்பி, முடிவை அதன்வழி நிகழ்த்தலாம். சி, பைத்தான், ரூபி, ஜாவா, பெர்ல், கோ, ரஸ்ட் ஆகிய மொழிகளில் இவ்வழைப்பு நடந்துகொள்ளும் முறையை இக்கட்டுரை ஒப்பிடுகிறது. அழைப்பின் பெயர் அதன் வீச்சை உணர்த்துவதில்லை ஆதலால், அந்தக் கடமை ஆவணத்தையே சாரும் என்பது இக்கட்டுரையின் கருத்து. வெளியேற்ற அழைப்பு ஒவ்வொன்றின் ஆவணமும் விடையளிக்க வேண்டிய ஐந்து வினாக்களும், தமிழில் அத்தகைய ஆவணம் எழுதுகையில் கொள்ள வேண்டிய சொல்லாட்சி நெறிகளும் முன்வைக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: இழை, செயலாக்கம், வெளியேற்ற அழைப்பு, விதிவிலக்கு, நிறைவுப் பணி, நிலைக்குறி, ஆவணமாக்கம்.

முன்னுரை

பழைய நூலொன்றின் 400 பக்கப் படிமங்களை எழுத்துணரி வழியாக உரையாக மாற்றும் நிரல் ஒன்றைக் கருதலாம். விரைவு கருதி நிரலர் பணியை நான்கு இழைகளுக்குப் பகிர்ந்து, இழைக்கு 100 பக்கங்கள் என ஒதுக்குகிறார். படிமக் கோப்பு சிதைந்திருந்தால் நிரலை நிறுத்திவிட வேண்டும் என்னும் நோக்கில், பக்கத்தைப் படிக்கும் செயற்கூற்றில் வெளியேற்ற அழைப்பு ஒன்றை எழுதிவைக்கிறார். இரண்டாம் இழை தனக்குரிய முதற் பக்கத்திலேயே சிதைந்த படிமம் ஒன்றைச் சந்திக்கிறது.

அடுத்து நிகழ்வது யாது என்பது, அந்நிரல் எம்மொழியில் எழுதப்பட்டது என்பதைப் பொறுத்தது. பைத்தானில் எழுதப்பட்டிருப்பின் இரண்டாம் இழை ஓசையின்றி முடிந்துவிடும். ஏனைய மூன்றும் தம் பணியை முடிக்கும். நிரல் வெற்றியைக் குறிக்கும் 0 என்னும் நிலைக்குறியுடன் நிறைவுறும். திரையில் பிழைச்செய்தி ஏதும் தோன்றாது. உரைக்கோப்பில் இருப்பவை 300 பக்கங்களே. அக்கோப்பைக் கொண்டு சொல்லடைவோ சொற்பயில்வுக் கணக்கோ உருவாக்கும் ஆய்வாளர், நூலின் காற்பகுதி விடுபட்டிருப்பதை அறியாமலே முடிவுகளை எழுதக்கூடும். ஜாவாவிலோ சி மொழியிலோ எழுதப்பட்டிருப்பின் ஒரு பக்கத்தின் சிதைவுக்காக நிரல் முழுவதும் முடிந்துவிடும். ஏனைய இழைகள் பாதி எழுதிய கோப்புகள் அரைகுறையாக எஞ்சும்.

இரு விளைவுகளில் எது ஏற்புடையது என்பது நிரலரின் தேவையைப் பொறுத்தது. ஆனால், எது நிகழும் என்பதை நிரலை எழுதுமுன்னரே அவர் அறிந்திருத்தல் வேண்டும். அவ்வறிவைத் தரவேண்டியது ஆவணம். வெளியேற்ற அழைப்பின் செயற்பாட்டை விளக்குவதும், அதன் ஆவணம் எவ்வாறு அமைய வேண்டும் என்பதை வரையறுப்பதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

1. இழையும் செயலாக்கமும்

கணினித்துறையினர் ‘ப்ராசஸ்’ என வழங்குவதை இக்கட்டுரை செயலாக்கம் என்றும், ‘த்ரெட்’ என வழங்குவதை இழை என்றும் குறிக்கிறது. இயங்கிக்கொண்டிருக்கும் நிரலின் நினைவகம், திறந்த கோப்புகள், இயக்க அமைப்பு அதற்கு அளித்த அடையாள எண் ஆகியவற்றின் தொகுதி செயலாக்கம். அத்தொகுதிக்குள் கட்டளைகளை வரிசையாக நிறைவேற்றிச் செல்லும் ஓட்டம் இழை. ஒரு செயலாக்கத்தின் இழைகள் அனைத்தும் ஒரே நினைவகத்தையும் ஒரே கோப்புகளையும் பகிர்ந்துகொள்கின்றன. நிரல் தொடங்கும்போது உருவாகும் இழை முதன்மை இழை எனப்படும்.

யூனிக்ஸ் இயக்க அமைப்பும் சி மொழியும் உருவான 1970களில் ஒரு செயலாக்கத்திற்கு ஓர் ஓட்டமே இருந்தது. ஆகவே ‘எக்சிட்’ என்றால் எது முடிகிறது என்ற வினாவுக்கு இடமில்லை. ஓட்டம் முடிவதும் செயலாக்கம் முடிவதும் ஒன்றே. இழைகளுக்கான போசிக்ஸ் தரம் 1995இல் வெளிவந்தபோது, பழைய சொல் இரு வேறு நிகழ்வுகளுக்கு நடுவே நின்றது. ஒவ்வொரு மொழியும் அச்சொல்லுக்குத் தனக்கேற்ற பொருளைத் தெரிந்துகொண்டது. இன்று காணும் வேறுபாடுகளுக்கு இதுவே அடிப்படை.

2. சி மொழியும் லினக்ஸும்

சி மொழியின் ‘எக்சிட்’ செயற்கூற்றை எந்த இழை அழைத்தாலும் செயலாக்கம் முழுவதும் முடியும் நிலையை அடைகிறது. அதற்குமுன் சில நிறைவுப் பணிகள் நடைபெறுகின்றன. ‘அட்எக்சிட்’ வழியாகப் பதிவுசெய்யப்பட்ட செயற்கூறுகள், பதிவான வரிசைக்கு எதிர்வரிசையில் அழைக்கப்படுகின்றன. கோப்பில் எழுதப்படுவதற்காக இடையகத்தில் காத்திருக்கும் தரவு எழுதப்பட்டுக் கோப்புகள் மூடப்படுகின்றன. அடிக்கோட்டுடன் தொடங்கும் ‘_எக்சிட்’ என்னும் அழைப்போ இவற்றுள் எதையும் செய்யாமல் செயலாக்கத்தை உடனே முடித்துவிடுகிறது. அழைத்த இழையை மட்டும் முடிப்பதற்குப் போசிக்ஸ் தரம் ‘பீத்ரெட்_எக்சிட்’ என்னும் தனி அழைப்பை வகுத்துள்ளது.

இங்குப் பெரிதும் கவனிக்கப்படாத கூறு ஒன்று உண்டு. ‘எக்சிட்’ அழைக்கப்பட்டு நிறைவுப் பணிகள் நடந்துகொண்டிருக்கையில் ஏனைய இழைகள் நின்றுவிடுவதில்லை, தொடர்ந்து இயங்குகின்றன. நிறைவுச் செயற்கூறு ஒன்று பொது நினைவகப் பகுதியை விடுவிக்க, அதே பகுதியை வேறோர் இழை அந்நொடியில் படித்துக்கொண்டிருந்தால் நிரல் தாறுமாறாக முறிகிறது. ஒழுங்காக முடிப்பதற்கென எழுதப்பட்ட பகுதியே முறிவுக்குக் காரணமாகிறது. மேலும், நிரல் ‘எக்சிட்’டை ஒருமுறைக்கு மேல் அழைப்பின் விளைவு வரையறுக்கப்படாதது என்று 2011ஆம் ஆண்டின் சி மொழித் தரம் கூறுகிறது. இரு இழைகள் ஒரே வேளையில் பிழையைக் கண்டு இரண்டும் ‘எக்சிட்’டை அழைப்பது அரிய நிகழ்வன்று.

லினக்ஸில் இச்சிக்கலின் மற்றோர் அடுக்கைக் காணலாம். அதன் உட்கருவில் ‘எக்சிட்’ என்னும் பெயருடைய அமைப்பு அழைப்பு, அழைத்த இழையை மட்டுமே முடிப்பது. ஒரு செயலாக்கத்தின் இழைகள் அனைத்தையும் முடிப்பதற்கு ‘எக்சிட்_குரூப்’ என்னும் அமைப்பு அழைப்பு உட்கருவின் 2.5.35 பதிப்பில் சேர்க்கப்பட்டது. குனூ சி நூலகத்தின் 2.3 பதிப்பு முதல், ‘_எக்சிட்’ என்னும் நூலகச் செயற்கூறு உள்ளே ‘எக்சிட்_குரூப்’பையே அழைக்கிறது. ஆக, ஒரே இயக்க அமைப்பில், ஒரே பெயர், நூலக அடுக்கில் செயலாக்கத்தையும் உட்கரு அடுக்கில் இழையையும் குறிக்கிறது. எந்த அடுக்கைப் பற்றிப் பேசுகிறது என்பதை ஆவணம் சொல்லாவிடில் படிப்பவர் தவறான முடிவுக்கே வருவார்.

3. விதிவிலக்கு வடிவிலான வெளியேற்றம்

பைத்தானின் ‘சிஸ்.எக்சிட்’ எதையும் நேரடியாக முடிப்பதில்லை. அது ‘சிஸ்டம்எக்சிட்’ என்னும் விதிவிலக்கை எழுப்புகிறது. அவ்வளவே அதன் பணி. முதன்மை இழையில் அவ்விதிவிலக்கை எப்பகுதியும் பிடிக்காவிடில் நிரல் முடிவை நோக்கிச் செல்கிறது. அப்போதும், பின்னணி இழைகள் எனக் குறிக்கப்படாத ஏனைய இழைகள் முடியும்வரை மொழிபெயர்ப்பி காத்திருக்கிறது. பிற இழையில் எழுந்தாலோ, அவ்விதிவிலக்கு அந்த இழையின் எல்லையைத் தாண்டுவதில்லை. ஏனைய விதிவிலக்குகள் இழையில் பிடிபடாமற்போனால் திரையில் பிழைத்தடம் அச்சாகும். ‘சிஸ்டம்எக்சிட்’ மட்டும் வேண்டுமென்றே ஓசையின்றி விடப்படுகிறது. முன்னுரையில் கண்ட 100 பக்க இழப்புக்குக் காரணம் இதுவே.

இழைகளை நேரடியாக உருவாக்காமல், பணிகளை ஏற்றுப் பகிரும் இழைத்தொகுதியைப் பயன்படுத்தினால் நிலைமை மேலும் மாறுகிறது. பைத்தானின் ‘த்ரெட்பூல்எக்சிக்யூட்டர்’ தன் பணியில் எழுந்த ‘சிஸ்டம்எக்சிட்’டையும் பிடித்து, அப்பணியின் விளைவாகச் சேமித்துவைக்கிறது. முதன்மை இழை பின்னர் அவ்விளைவைக் கேட்கும்போது விதிவிலக்கு அங்கு மீண்டும் எழுகிறது, நிரல் முடிகிறது. விளைவை எவரும் கேட்காவிடில் எதுவும் நிகழ்வதில்லை. ஒரே வரி, அழைக்கப்படும் சூழலுக்கேற்ப மூன்று வகையாக நடந்துகொள்கிறது.

ரூபியின் ‘எக்சிட்’டும் ‘சிஸ்டம்எக்சிட்’ என்னும் பெயருடைய விதிவிலக்கையே எழுப்புகிறது. ஆனால் அது முதன்மையல்லாத இழையில் எழுந்தால் ரூபி அதனை முதன்மை இழைக்கு அனுப்புகிறது. முதன்மை இழை அதனைப் பிடிக்காவிடில் நிரல் முழுவதும் முடிகிறது. அழைத்த இழை தந்த நிலைக்குறியே செயலாக்கத்தின் நிலைக்குறியாகிறது. பெயர், அமைப்பு, விதிவிலக்கு ஆகிய மூன்றும் ஒத்த இரு மொழிகளில் விளைவு நேர்மாறாக அமைவதை இங்குக் காண்கிறோம். ஒரு மொழியின் பழக்கத்தை மற்றொன்றுக்குக் கொண்டுசெல்லும் நிரலர்க்கு இது பெரும் இடர்.

4. செயலாக்கத்தை முடிக்கும் மொழிகள்

ஜாவாவின் ‘சிஸ்டம்.எக்சிட்’டை எந்த இழை அழைத்தாலும் ஜாவா மெய்நிகர் இயந்திரம் நிறுத்த வரிசையைத் தொடங்குகிறது. முன்பே பதிவுசெய்யப்பட்ட நிறைவு இழைகள் வரையறுக்கப்படாத வரிசையில், உடனிகழ்வாக இயக்கப்படுகின்றன. நிறைவு இழையொன்றே மீண்டும் ‘சிஸ்டம்.எக்சிட்’டை அழைத்தால் அவ்வழைப்பு திரும்புவதே இல்லை. நிரல் முட்டுக்கட்டையில் சிக்குகிறது. பூட்டொன்றைப் பிடித்துள்ள இழை ‘எக்சிட்’டை அழைக்க, நிறைவு இழை அதே பூட்டுக்காகக் காத்திருந்தாலும் விளைவு அதுவே. அழைத்த இழையின் ‘ஃபைனலி’ பகுதிகள் இயக்கப்படுவதில்லை. நிறைவு இழைகளையும் தவிர்த்து உடனே நிறுத்துவதற்கு ‘ஹால்ட்’ என்னும் தனி அழைப்பு உண்டு.

பெர்ல் மொழியிலும் இழைக்குள் அழைக்கப்படும் ‘எக்சிட்’ நிரல் முழுவதையும் முடிக்கிறது. இழையை மட்டும் முடிக்க, ‘த்ரெட்ஸ்’ தொகுதி தனக்கெனத் தனி ‘எக்சிட்’டை வழங்குகிறது. பல்லிழை நிரல்களில் பயன்படக்கூடிய தொகுதிகளில் பொது ‘எக்சிட்’டைத் தவிர்க்க வேண்டும் என்று அதன் ஆவணம் வெளிப்படையாக எச்சரிக்கிறது. கோ மொழியின் ‘ஓஎஸ்.எக்சிட்’ ஒத்திவைக்கப்பட்ட பணிகளை இயக்காமலே நிரலை முடிக்கிறது. ரஸ்ட் மொழியின் வெளியேற்ற அழைப்பும், அழைத்த இழையிலோ பிற இழைகளிலோ உள்ள பொருள்களின் அழிப்புப் பணிகளைச் செய்வதில்லை.

5. முதன்மை இழையின் முடிவு

வெளிப்படையான அழைப்பு ஏதுமின்றி முதன்மை இழை தன் இறுதி வரியை அடைந்தாலும் வேறுபாடுகள் எழுகின்றன. சி மொழியில் ‘மெயின்’ செயற்கூறு திரும்புவது ‘எக்சிட்’டை அழைப்பதற்கு ஒப்பானது; இயங்கிக்கொண்டிருக்கும் பிற இழைகள் துண்டிக்கப்படுகின்றன. அவற்றைத் தொடரவிட வேண்டுமெனின் முதன்மை இழை ‘பீத்ரெட்_எக்சிட்’டை அழைத்து முடிய வேண்டும். கோவிலும் ரஸ்டிலும் முதன்மை ஓட்டம் முடிந்தால் நிரல் முடிந்தது. ஜாவாவும் பைத்தானும் பின்னணி இழைகள் அல்லாத பிற இழைகளுக்காகக் காத்திருக்கின்றன. ஆகவே வெளியேற்ற அழைப்பின் ஆவணம், அழைப்பே இல்லாத இம்முடிவையும் உடன்வைத்து விளக்குதல் நன்று.

6. ஆவணம் விடையளிக்க வேண்டிய வினாக்கள்

மேற்கண்ட மொழிகளின் ஆவணங்களில் தேவையான செய்திகள் பெரும்பாலும் இல்லாமல் இல்லை; அவை இருக்கும் இடமே சிக்கல். பைத்தானில் ‘சிஸ்.எக்சிட்’ முதன்மை இழையிலிருந்து அழைக்கப்பட்டால்தான் செயலாக்கத்தை முடிக்கும் என்பது ‘சிஸ்’ தொகுதியின் பக்கத்தில் உள்ளது. பிற இழையில் அவ்விதிவிலக்கு ஓசையின்றி விடப்படும் என்பதோ இழைத் தொகுதியின் பக்கத்தில், வேறொரு செயற்கூற்றின் விளக்கத்தில் உள்ளது. இரண்டையும் இணைத்துப் படிப்பவர்க்கே முழுப்பொருள் கிட்டும். மாறாக, ரஸ்ட் மொழியின் ஆவணம் பிற இழைகளின் நிலையை அழைப்பின் விளக்கத்திலேயே கூறி, ‘மெயின்’ செயற்கூற்றிலிருந்து திரும்புவதை மாற்றுவழியாகப் பரிந்துரைக்கிறது. பின்பற்றத்தக்க முறை இது.

வெளியேற்ற அழைப்பு எதுவாயினும் அதன் ஆவணம் கீழ்வரும் ஐந்து வினாக்களுக்கு ஒரே இடத்தில் விடையளிக்க வேண்டும்.

அ) வீச்சு: முடிவது இழையா, செயலாக்கமா? அழைக்கும் இழையைப் பொறுத்து அது மாறுமா?

ஆ) நிறைவுப் பணிகள்: இடையகத் தரவு எழுதப்படுமா? பதிவான நிறைவுச் செயற்கூறுகள் இயங்குமா? எவை விடப்படும்?

இ) பிற இழைகள்: அவற்றுக்காகக் காத்திருக்கப்படுமா? துண்டிக்கப்படுமா? நிறைவுப் பணிகளின்போது அவை தொடர்ந்து இயங்குமா?

ஈ) நிலைக்குறி: தரப்பட்ட எண் செயலாக்கத்தின் நிலைக்குறியாக வெளியே சென்று சேருமா, இழையோடு மறையுமா?

உ) மீள் அழைப்பு: இரு இழைகள் ஒருசேர அழைத்தாலோ, நிறைவுப் பணிக்குள்ளிருந்து அழைத்தாலோ நிகழ்வது யாது?

இவற்றுள் நான்காவது வினாவே பெரிதும் விடுபடுவது. அதன் விளைவோ நிரலுக்கு வெளியே தென்படுவது. நிரல்களை வரிசையாக இயக்கும் அமைப்புகள் நிலைக்குறியை மட்டுமே நம்பி அடுத்த படிக்குச் செல்கின்றன. இழையோடு மறைந்த 1, வெளியே 0 ஆகத் தோன்றும்போது, குறைபட்ட தரவு முழுத் தரவாக ஏற்கப்படுகிறது.

நிரல்நூலகம் எழுதுவோர்க்குக் கூடுதல் கடமை உண்டு. தம் செயற்கூறுகளுள் எவையேனும் உள்ளே வெளியேற்ற அழைப்பைக் கொண்டிருப்பின், அச்செயற்கூற்றின் ஆவணமே அதனை அறிவிக்க வேண்டும். ஆவணம் எழுதும் நிலையில் அவ்வறிவிப்பு இடராகத் தோன்றினால் அழைப்பை நீக்குவதே முறை. இழை தன் பிழையை முதன்மை இழைக்குத் தெரிவிக்க, முதன்மை இழை ஏனையவற்றுக்கு நிறுத்தக் குறிப்பை அளித்து, அவை முடியும்வரை காத்திருந்து, உரிய நிலைக்குறியுடன் தானே வெளியேறுவது எல்லா மொழிகளிலும் ஒரே விளைவைத் தரும் வழியாகும். எழுத்துணரி நிரல் இவ்வழியில் அமைந்திருந்தால் சிதைந்த பக்கத்தின் எண் பதிவாகியிருக்கும். நிலைக்குறியும் தோல்வியைக் காட்டியிருக்கும்.

7. தமிழில் ஆவணம் எழுதுகையில்

ஆங்கிலத்தின் ‘எக்சிட்’ வெளியேறுபவர் எவர் என்பதையும், வெளியேற்றப்படுபவர் எவர் என்பதையும் மறைத்து நிற்கக்கூடிய சொல். தமிழ் வினையமைப்பு இம்மயக்கத்தைக் களையும் வாய்ப்பை இயல்பாகவே தருகிறது. ‘முடிந்தது’, ‘முடித்தது’ என்னும் தன்வினை பிறவினை வேறுபாட்டைக் கொண்டு, ‘இழை முடிகிறது’ என்றும், ‘இவ்வழைப்பு செயலாக்கத்தை முடிக்கிறது’ என்றும் வேறுபடுத்தி எழுதலாம். பிறவினையைத் தெரிந்தவுடன் செயப்படுபொருளைச் சொல்ல வேண்டிய தேவை எழுகிறது. எதனை முடிக்கிறது என்பது மறைய இயலாது.

தமிழ் தரும் இடரும் ஒன்று உண்டு. எழுவாய் தோன்றாமலே தொடர் நிறைவுபெறுவது தமிழில் இயல்பு. பேச்சிலும் கதையிலும் வினைமுற்றின் பால்காட்டும் விகுதி எழுவாயை உணர்த்திவிடும். இழை, செயலாக்கம், செயற்கூறு, நிரல் ஆகிய அனைத்தும் அஃறிணை ஒருமையே ஆதலால் ‘உடனே வெளியேறும்’ என்னும் தொடர் நான்கிற்கும் பொருந்துகிறது. ஆகவே வெளியேற்ற அழைப்பைப் பற்றிய தொடர் ஒவ்வொன்றிலும் எழுவாய் வெளிப்படையாக இருத்தல் வேண்டும். ‘முடியும்’ என்னும் சொல் இயலும் என்ற பொருளையும் தருவதால், ‘இழை முடியும்’ என்பதைக் காட்டிலும் ‘இழை முடிவுறும்’ என்பது தெளிவானது. ‘இழை முடிவு’, ‘செயலாக்க முடிவு’, நிறைவுப் பணிகளற்ற ‘உடன் நிறுத்தம்’ என மூன்று கலைச்சொற்களை ஆவணம் முழுவதும் மாற்றமின்றி ஆளுதலும் பயன்தரும்.

இந்நெறிகளின்படி, இழைகளை நேரடியாக உருவாக்கும் நிரல்களுக்கென, பைத்தானின் ‘சிஸ்.எக்சிட்’டுக்கான பதிவு பின்வருமாறு அமையலாம்:

“இவ்வழைப்பு, அழைத்த இழையில் ‘சிஸ்டம்எக்சிட்’ விதிவிலக்கை எழுப்புகிறது. முதன்மை இழையில் அவ்விதிவிலக்கு பிடிக்கப்படாவிடில், பின்னணி அல்லாத பிற இழைகள் முடிவுற்றபின் நிறைவுப் பணிகள் நடைபெற்றுச் செயலாக்கம் முடிவுறும்; தரப்பட்ட எண் நிலைக்குறியாகும். பிற இழையில் பிடிக்கப்படாவிடில் அந்த இழை மட்டும் பிழைச்செய்தியின்றி முடிவுறும். செயலாக்கமும் ஏனைய இழைகளும் தொடரும். தரப்பட்ட எண் வெளியே சேராது. இழையிலிருந்து செயலாக்கத்தை முடிக்க விரும்பினால், பிழையை முதன்மை இழைக்குத் தெரிவித்து, இவ்வழைப்பை அங்கு நிகழ்த்துக.”

முடிவுரை

வெளியேற்ற அழைப்பு, நிரலில் ஒரே வரியாக எழுதப்படுவது, எளிதில் சோதிக்கப்படாதது, பெரும்பாலும் பிழை நேர்ந்த வேளையில் மட்டுமே இயங்குவது. எனவே அதன் செயற்பாட்டைப் பட்டறிவால் கற்பதற்குள் தரவு இழக்கப்பட்டிருக்கும். சி, ஜாவா, பெர்ல், கோ, ரஸ்ட் ஆகியவை செயலாக்கத்தை முடிப்பதையும், ரூபி முதன்மை இழை வழியாக அவ்விளைவை எய்துவதையும், பைத்தான் அழைத்த இழையோடு நின்றுவிடுவதையும் இவ்வொப்பீடு காட்டுகிறது. இவ்வேறுபாடுகளை இனி ஒருமைப்படுத்துவது அரிது. பழைய நிரல்கள் பலவும் அவற்றை நம்பியே இயங்குகின்றன. வீச்சு, நிறைவுப் பணிகள், பிற இழைகள், நிலைக்குறி, மீள் அழைப்பு ஆகிய ஐந்தையும் ஒரே இடத்தில் கூறும் ஆவணத்தை எழுதுவது எளிது. கல்லூரிகளில் இழை நிரலாக்கம் கற்பிப்போர், மாணவர் எழுதும் ஒவ்வொரு வெளியேற்ற அழைப்புக்கும் இவ்வைந்து வினாக்களின் விடையைக் குறிப்பாக எழுதச்செய்தால், அப்பழக்கம் பின்னர் அவர்கள் எழுதும் நூலகங்களின் ஆவணங்களிலும் தொடரும்.